பட்டியலில் இல்லாத பெரியவர்

கருக்கங்காடு லைன்வீடுகளில் மாலை நான்கரை மணியிலிருந்து எட்டரை மணி வரை ஒரு பெரியவர் இருக்கிறார் என்று செவிலி சொன்னது. நேரில் போய் வந்த மூன்று களப்பணியாளர்களும் அப்படி ஓர் ஆளே கிடையாது என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள்.

இரண்டில் எது தப்பு என்று கண்டுபிடிக்கும் வேலை கோதையின் தலையில் விழுந்தது.

கோதை பல்கலைக்கழகத்தில் சமூகக் கொள்கைத் துறையில் உதவிப் பேராசிரியர். வயது முப்பத்தாறு. செவிலி என்பது அவளுடைய துறை எட்டு வருடம் உழைத்து உருவாக்கிய கணினி நிரல். திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் நாலாயிரம் பேர் கையில் ஆளுக்கொரு மெல்லிய பட்டை கட்டியிருந்தார்கள். நாடித்துடிப்பையும் தோலின் வியர்வையையும் மட்டும் அது படிக்கும். படமெடுக்காது, பேச்சை ஒட்டுக் கேட்காது. நாலாயிரம் பட்டைகளும் அனுப்புவதை வைத்துக்கொண்டு செவிலி கணக்குப் போடும்.

"மேடம், ஆளையே பாக்காம ஆள் இருக்குன்னு உங்க மிஷின் எப்படிச் சொல்லுது?" என்று போனில் கேட்டார் சபரிநாதன். அவர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்.

"அது ஆளைப் பாக்காது சார். பிள்ளைங்க உடம்பைப் பாக்கும். நம்பிக்கையான பெரியவங்க பக்கத்துல இருந்தா பிள்ளைங்களோட துடிப்பு ஒரு தினுசா அடங்கும். தொட்டில்ல கிடக்கிற குழந்தை, அடுப்படியில அம்மா பாத்திரம் உருட்டுற சத்தம் கேட்டதும் தூங்கிப்போகும் பாருங்க, அந்த மாதிரி. அந்த அடக்கம் தெரிஞ்சா பக்கத்துல ஒரு பெரியவர் இருக்கார்னு அர்த்தம். இதுவரைக்கும் தப்பினதே இல்லை."

"சரி, அப்ப யாரு அவரு? பேரு கிடையாது, பதிவு கிடையாது, போலீஸ் சான்று கிடையாது. இருபத்திமூணு பிள்ளைங்களோட தினம் நாலு மணி நேரம் இருக்காரு."

"ஒருவேளை யாருமே இல்லேன்னா?"

"அது அதைவிட மோசம் மேடம். கவனிக்க ஆளில்லாம விட்டுட்டுப் போறாங்கன்னு பெத்தவங்களுக்கு நோட்டீஸ் போகும். பிள்ளைங்களை விடுதிக்கு மாத்தணும். சட்டம் அப்படி இருக்கு. ரெண்டு வாரம் தர்றேன். எனக்கு ஒரு பேர் வேணும்."

கோதையின் துறைத் தலைவர் பேராசிரியர் ஞானதிரவியத்துக்கு இதைவிடப் பெரிய தலைவலி இருந்தது. அரசாங்கம் 'மாலைக்கூடம்' என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவர இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளை ஒரு கூடத்தில் உட்காரவைத்து, திரையில் ஒரு டீச்சர் பாடம் நடத்தி, பெற்றோர் வந்து கைரேகை வைக்கும் வரை கதவு பூட்டியே இருக்கும் ஏற்பாடு. அந்தத் திட்டத்துக்கு ஆதாரம் தேடித்தான் இந்த ஆய்வே தொடங்கியது. தனியாக விடப்பட்ட பிள்ளைகள் படும் பதற்றத்தை ஊர் முழுக்க செவிலி அளந்து காட்டிவிட்டது. சோதனைக்காகத் திறந்த மூன்று மாலைக்கூடங்களில் பதற்றம் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் கருக்கங்காட்டுப் பிள்ளைகள் அந்தக் கூடத்துப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு நிம்மதியாக இருந்தார்கள்.

"அந்த ஆளைக் கண்டுபிடி கோதை," என்றார் பேராசிரியர். "யாரா இருந்தாலும் அவங்களுக்கு நான் கோயில் கட்டுறேன்."

திங்கட்கிழமை மாலை கோதை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள்.

எதிரெதிராக இரண்டு வரிசை, வரிசைக்கு எட்டு வீடு. நடுவில் சிமெண்டு வாசல். கோடியில் ஒரு தண்ணீர்க் குழாயும் துவைக்கிற கல்லும். வாசலில் ஐந்தாறு பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் ஒரே ஒரு சைக்கிளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஓட்டினார்கள். வாலில்லாத ஒரு நாய் பின்னாலேயே ஓடியது.

பதினொரு வயதுப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். பெயர் முகிலா.

"ஏனுங்க்கா, யாரு வேணும்?"

"சாயங்காலம் இங்க உங்களைப் பாத்துக்கறது யாருன்னு தெரிஞ்சுக்க வந்தேன்."

"எங்கம்மா எட்டரைக்குத்தானுங் வரும்."

"அதுக்கு முன்னாடி?"

முகிலா சைக்கிள் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "யாரும் இல்லீங்க்கா. உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

கோதை துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். எந்த வீட்டுக்குள்ளிருந்தாவது ஒரு தலை எட்டிப் பார்க்குமா என்று கவனித்தாள். ஒன்றும் இல்லை.

ஐந்தே கால் மணிக்கு ரோட்டில் மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. உடனே சைக்கிள் நின்றது. பென்சில்கள் கீழே இறங்கின. கழுத்தில் தையல்காரர்கள் போடுகிற இன்ச் டேப்பை மாலையாகப் போட்டிருந்த எட்டு வயதுப் பையன் ஒருவன் வாசல் நடுவே வந்து நின்றான். டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னான். ஒவ்வொரு பெயருக்கும் "இருக்கேன்" என்று ஒரு குரல் வந்தது. ஒரு குரல் வந்ததும் அவன் விரல் ஒரு இன்ச் நகர்ந்தது.

"இருவத்திமூணு," என்றான். பிறகு கோதையைப் பார்த்தான். "அக்கா, உங்க பேரு என்னங்?"

"கோதை."

"கோதை அக்கா."

அவன் காத்துக்கொண்டு நின்றான். எல்லாப் பிள்ளைகளும் அவளையே பார்த்தார்கள்.

"இருக்கேன்," என்றாள் கோதை.

"இருவத்திநாலு." விரல் நகர்ந்தது. சைக்கிள் மறுபடி ஓடியது.

அன்றைக்குக் கோதைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஆய்வாளர்களும் பட்டை கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. மறுநாள் காலையில் தன்னுடைய வரைகோட்டைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஐந்து பதினெட்டுக்கு அவளுடைய நாடியும் அடங்கியிருந்தது, தொட்டில் பிள்ளையைப் போல.

செவ்வாய்க்கிழமை இன்ச் டேப் ஒரு சிறுமியின் கழுத்தில் இருந்தது. புதன்கிழமை இன்னொருத்தி. கோதை முகிலாவைத் தனியாக அழைத்து, குழாய்ப் பக்கம் உட்காரவைத்தாள்.

"முறை வெச்சிருக்கீங்களா?"

"சொன்னா ஆபீஸருக்குச் சொல்லிருவீங்களா?"

"சொல்லித்தான் ஆகணும். ஆனா நீ சொன்னபடியேதான் சொல்லுவேன். ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ மாட்டேன்."

அது போதுமா என்று யோசிப்பவள் போல முகிலா காலால் தண்ணீரை அளைந்தாள். பிறகு சொன்னாள்.

"போன வருசம் எல்லாத்தையும் நாந்தானுங் பாத்துக்கிட்டேன். நாந்தான பெரியவ. சின்னதுகளுக்குச் சோறு போடறது, பாடம் சொல்றது, சண்டைய வெலக்கறது. அப்பறம் எனக்கு மஞ்சக்காமாலை வந்து ரெண்டு வாரம் படுத்துட்டனுங். இதுங்களே ஆளுக்கொரு நாள்னு பிரிச்சுக்கிட்டாங்க. நான் எந்திரிச்சு வந்தா, எனக்கும் ஒரே ஒரு நாள்தான் குடுத்தாங்க. எனக்கு அழுகாச்சியா வந்துச்சுங்க்கா."

"இப்ப?"

"இப்ப இருவத்திரண்டு நாள் நான் வெளையாடறனுங்," என்று முகிலா சிரித்தாள்.

கோதை அன்றிரவு வரை காத்திருக்கவில்லை. ஸ்கூட்டர் சீட்டிலேயே மடிக்கணினியை விரித்துவைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் இருபத்திரண்டு கோடுகள் அடங்கிக் கிடந்தன, ஒரு கோடு மட்டும் உயர்ந்து நின்றது. அந்த ஒரு கோடு தினமும் வேறொரு பிள்ளையுடையது. மூன்று மாதமாக இது அவள் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. ஏதோ பட்டை பழுது என்று அந்த ஒரு கோட்டை அவர்கள் தினமும் கழித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் பார்த்தாள். எல்லா நாட்களிலும் பிள்ளைகள் மிக நிம்மதியாக இருந்த நாள், ரூபாலி என்ற பெண்ணின் முறை வந்த நாள். ரூபாலிக்கு வயது ஐந்து. ஒடிசாவிலிருந்து வந்து கட்டிங் பிரிவில் வேலை பார்க்கும் தம்பதியின் மகள். பெற்றோரைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள்.

"அவ முறையில எப்படி எல்லாரும் இவ்வளவு அமைதியா இருக்கீங்க?"

"அன்னிக்கு யாரும் சண்டை போட மாட்டமுங்க்கா. போட்டா அவளால வெலக்க முடியாதுல்ல."

கோதைக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு ஒரு கேள்வியும் வந்தது. "நிஜமாச் சொல்லு, என்னைக்காவது ரொம்பப் பயந்திருக்கீங்களா?"

முகிலா தலையாட்டினாள். "ஒரு நாளுங். தருண் செவுத்து மேல இருந்து விழுந்து மண்டை ஒடஞ்சிருச்சு. நெம்ப ரத்தம். நான் துணிய வெச்சு அமுக்கிட்டே இருந்தேன், ஹரீஷ் கம்பெனிக்கு ஓடுனான். அன்னிக்கு மட்டும், கூப்புட்டா ஓடி வர்ற தூரத்துல ஒரு பெரியவங்க இருந்தா நல்லாருக்கும்னு நெனச்சமுங்."

முகிலாவின் அம்மா திவ்யபாரதி செக்கிங் பிரிவில் வேலை. மறுநாள் ஆறு மணி டீ இடைவேளையில் கம்பெனி வாசலில் கோதை அவளைப் பார்த்தாள். கோதையின் கையில் இருந்த பட்டையைக் கண்டதும் அவள் எழுந்துவிட்டாள்.

"எம்புள்ளைய விடுதிக்குக் கொண்டு போறீங்களாங்?"

"இல்லீங்க. பேசத்தான் வந்தேன்."

"நாங்க என்ன வேணும்னா விட்டுட்டுக் கெடக்கறோம்? எல்லாரும் ஒண்ணரை ஷிப்டு பாக்கறப்ப நான் மட்டும் அஞ்சரைக்குப் போறேன்னா நாளைக்கு வேற ஆளைப் போட்டுக்குவாங்க. முகிலா பெரிய புள்ளை, பாத்துக்குவான்னு நம்பித்தானுங்..."

"முகிலா மட்டும் பாத்துக்கலைங்க. எல்லாருமே பாத்துக்கறாங்க." கோதை முறை விஷயத்தைச் சொன்னாள். திவ்யபாரதி டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக அவளுக்கே தெரியாது.

"அதானுங்," என்றாள் கடைசியில். "காமாலைக்கு அப்பறம் புள்ளை மொகம் தெளிஞ்சிருச்சுன்னு பாத்தேன். மருந்துனு நெனச்சேன்."

பேராசிரியர் ஞானதிரவியம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"கோதை, நான் ஏன் இந்தத் துறைக்கு வந்தேன்னு உனக்குத் தெரியுமா? முனைவர் பட்டத்துக்கு அலைஞ்சப்ப ஒரு வீட்டுக்குப் போனேன். வெளியே பூட்டு. உள்ளே தீ. ரெண்டு பிள்ளைங்க. பக்கத்துல யாருமில்லை. அதுக்கப்புறம் தனியா இருக்கற பிள்ளைன்னு யாராவது சொன்னா எனக்கு அந்தப் பூட்டுதான் கண்ணுல தெரியும்."

"நீங்க கொண்டுவர்ற கூடத்துக்கும் பூட்டு இருக்கு சார்."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை. "இருக்கு. ஆனா ஐந்து வயசுப் பிள்ளை தலையில பெரியவங்க பாரத்தை ஏத்திட்டு, அதுக்குக் குழந்தை நலன்னு பேர் வெக்கச் சொல்றியா? அந்த ஒத்தைக் கோடு உயர்ந்து நிக்குதே, அது என்ன? பயம்தானே?"

"பயமா, பெருமையான்னு பட்டைக்குத் தெரியாது சார். ரெண்டுக்கும் ஒரே வியர்வைதான்."

"அப்ப நமக்கும் தெரியாது. மறைக்கவும் வேண்டாம், ஜோடிக்கவும் வேண்டாம். அடுத்த வியாழக்கிழமை குழு வருது. அங்கே வை. நான் எதிர்த்துப் பேசுவேன். தப்பா நினைக்காதே."

"நினைக்க மாட்டேன் சார்."

மாலைக்கூடத் திட்டத்தை ஆராய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற நீதியரசர் மங்கையர்க்கரசி. அறுபத்தெட்டு வயது. கண்டிப்பானவர் என்று பெயர். கோதையின் குறிப்பைப் படித்துவிட்டு ஒரு வரி பதில் அனுப்பியிருந்தார்: 'சம்பந்தப்பட்ட பெரியவரை நேரில் அழைத்து வரவும்.'

கோதை முகிலாவிடம் போனாள்.

"வியாழக்கிழமை ரூபாலி முறைங்க்கா," என்றாள் முகிலா.

"அன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீ மாத்திக்க முடியாதா?"

"மாத்துனா அப்பறம் அது முறையே இல்லீங்களே."

"சரி, ரூபாலியையே கூட்டிட்டுப் போறேன்."

"அவ வந்தா நாங்க எல்லாரும் வரோணும்ங்க்கா," என்று முகிலா பொறுமையாக விளக்கினாள். "எங்களைப் பாத்துக்கற ஆளு அவதான? எங்களை விட்டுட்டு எப்படி வருவா?"

ஆக, வியாழக்கிழமை நாலே முக்கால் மணிக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் கூட்ட அரங்குக்குப் பல்கலைக்கழக வேனில் இருபத்திமூன்று பேர் வந்து இறங்கினார்கள். பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வாலில்லாத நாயை மட்டும் வேன் டிரைவர் ஏற்ற மறுத்துவிட்டார்.

அரங்கில் நீதியரசர், மூன்று உறுப்பினர்கள், பேராசிரியர், கோதை, சபரிநாதன் என்று ஏழு பேர் இருந்தார்கள். சென்னையிலிருந்து அரசுத் துறைச் செயலாளர் சுவர்த்திரையில் தெரிந்தார்.

பேராசிரியர் முதலில் பேசினார். "அம்மா, செவிலியை உருவாக்கினவன் நான். அது பிள்ளைகளோட விளையாட்டைப் பெரியவர்னு தப்பா நினைச்சிருக்குன்னு என் சந்தேகம். சோதிச்சுப் பார்க்கலாம். இங்கே இருக்கற எல்லாரும் ஒரு பட்டை கட்டிக்கணும். ஏழு பெரியவங்க இருக்கோம். அது என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

நீதியரசர் கையை நீட்டினார். எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். பிள்ளைகளை வெளித் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டு, செவிலியைத் திரையின் ஓரத்தில் ஓடவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து ஒரு வரி வந்தது.

'பெரியவர்: யாருமில்லை.'

உறுப்பினர்களில் ஒருவர் உரக்கச் சிரித்துவிட்டார். பேராசிரியரும் சிரித்தார். "பார்த்தீங்களா? நான் சொன்னேனே, இதை நம்ப முடியாதுன்னு."

"ஒரு வகையில சரியாத்தான் சொல்லுது," என்றார் நீதியரசர். "இங்கே யாரும் யாரையும் பாத்துக்கலையே. சரி, வரச்சொல்லுங்க."

பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். முன்னால் ரூபாலி. இன்ச் டேப் அவள் முழங்கால் வரை தொங்கியது. மைக்குகளையும் நீள மேசையையும் பார்த்ததும் அவள் கீழுதடு துடித்தது. முகிலா பின்னாலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தாள், பிறகு தன்னைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

ரூபாலி மேசையைச் சுற்றி நடந்தாள். "எல்லாரும் கை கழுவிட்டீங்களா?" என்று கேட்டாள்.

பிஸ்கட் தட்டுகள் மேசையில் இருந்தன. சபரிநாதன் கையிலிருந்த பிஸ்கட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

பிள்ளைகளின் பெயர்களை அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். பிறகு ஒவ்வொரு பெரியவர் முன்னாலும் போய் நின்று பெயர் கேட்டாள். நீதியரசரின் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. "மங்கை அம்மா," என்று சுருக்கிக்கொண்டாள்.

"இருக்கேன்," என்றார் நீதியரசர்.

விரல் முப்பதாவது இன்ச்சில் நின்றது. ரூபாலி திரையை அண்ணாந்து பார்த்தாள். "முகிலாக்கா, அந்த மாமா டிவிக்குள்ள இருக்காரு. எண்ணலாமா?"

"உன் முறை. நீதான் சொல்லோணும்."

ரூபாலி யோசித்தாள். "மாமா, உங்க பேரு என்னங்? சாப்புட்டீங்களா?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். காலையிலிருந்து அவருக்கு அடுத்தடுத்து ஐந்து கூட்டங்கள். "பேரு சங்கரலிங்கம்மா," என்றார். "இன்னும் சாப்பிடலை."

"அஞ்சு மணியாச்சுங்களே! போயி சாப்புட்டு வாங்க. நாங்க இருக்கோம்."

"இதோ போறேன்," என்றார் அவர், நிஜமாகவே எழுந்து.

"முப்பத்தொண்ணு," என்றாள் ரூபாலி.

அரங்கில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்ததால் திரை ஓரத்தை யாரும் கவனிக்கவில்லை. முதலில் பார்த்தவர் பேராசிரியர்தான். அவர் விரலை நீட்டிக் காட்டினார்.

'பெரியவர்: ஒருவர்.'

பேராசிரியர் எழுந்து போய் ரூபாலிக்கு எதிரே தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, தாத்தா ஒண்ணு கேக்கறேன். உன் முறை வர்ற அன்னைக்கு உனக்குப் பயமா இருக்காதா?"

"இருக்குமுங்," என்றாள் ரூபாலி.

"அப்புறம் ஏன் செய்யறே?"

என்ன கேள்வி இது என்பது போல அவரைப் பார்த்தாள். "இன்னிக்கு நான் பயந்துக்கறேன். நாளைக்கு தருண் பயந்துக்குவான். மத்த நாளெல்லாம் எனக்குப் பயமே இல்லீங்களே."

ஞானதிரவியம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் முப்பது வருடமாக எழுதிய கட்டுரைகளில் பயம் என்பது ஒழிக்க வேண்டிய ஒன்று. அதைப் பங்குபோட்டுக்கொள்ள முடியும் என்று எங்கும் எழுதியதில்லை.

"எனக்கு வேற கேள்வி இல்லை," என்றார்.

நீதியரசர் முகிலாவைக் கூப்பிட்டார். "கூடம் வேண்டாம், நாங்களே போதும்னு சொல்ல வந்தீங்களா?"

"இல்லீங்கம்மா," என்றாள் முகிலா. "கூடம் வேணுமுங். மழை வந்தா எங்களுக்கு எடமில்ல. லைட்டு, சோறு எல்லாம் வேணும். பூட்டு வேண்டாமுங். ஒரு பெரியவங்க வேணும், ஆனா பக்கத்து ரூம்ல இருக்கோணும். கூப்புட்டா வரோணும், கூப்புடாம வரக்கூடாது. அப்பறம்..."

"சொல்லு."

"எங்கம்மா அப்பாவெல்லாம் வாரத்துக்கு ஒரு நாளாச்சும் வெளிச்சத்தோட வீட்டுக்கு வந்தா நல்லாருக்குமுங்."

நீதியரசர் எழுதிக்கொண்டார். கடைசியாகச் சொன்னதை முதல் வரியாக எழுதினார் என்பதைப் பக்கத்தில் இருந்த கோதை பார்த்தாள்.

சபரிநாதன் தன் படிவத்தை எடுத்து வந்து தயங்கி நின்றார். "அம்மா, ரெண்டு வாரம் இன்னையோட முடியுது. பொறுப்பாளர் பேர்னு ஒரு கட்டம் இருக்கு. நான் என்ன எழுதறது?"

"இருபத்திமூணு பேரையும் எழுதுங்க," என்றார் நீதியரசர். "இடம் பத்தலேன்னா பின்பக்கம் எழுதுங்க."

அரசாணை வர நாலு மாதம் ஆனது. கேட்டதெல்லாம் அதில் இல்லை. பத்துக் கூடங்கள்தான் முதலில், அதுவும் ஒரு வருடச் சோதனையாக. வெளிச்சத்தோடு பெற்றோரை அனுப்பக் கம்பெனிகள் சம்மதித்தது வாரத்தில் புதன்கிழமை மட்டும், அதிலும் பாதிக் கம்பெனிகள்தான். ஆனால் பூட்டு என்ற சொல் ஆணையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. முறை வைத்துக்கொள்வது பிள்ளைகளின் விருப்பம் என்று ஒரு பத்தி முழுவதையும் ஞானதிரவியம் எழுதியிருந்தார். அடுத்த அறையில் ஒருவர் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு 'அழைப்புக் காப்பாளர்' என்று பெயர். ஆள் எடுக்கும்போது அந்தக் கூடத்துப் பிள்ளைகளில் இரண்டு பேர் தேர்வுக் குழுவில் இருப்பார்கள்.

கருக்கங்காட்டுக் கூடத்துக்கு விளம்பரம் வந்த மூன்றாம் நாள் கோதைக்கு ஒரு போன் வந்தது.

"கோதை, நான் மங்கையர்க்கரசி பேசறேன். அந்த வேலைக்கு வயசு வரம்பு இருக்கா?"

"இல்லீங்கம்மா. யாருக்காகக் கேக்கறீங்க?"

"முப்பது வருஷம் எல்லாரும் என்னைக் கண்டதும் எழுந்து நின்னாங்க. கனம் நீதிபதி அவர்களேன்னு கூப்பிட்டாங்க. பேரைச் சொல்லி, இருக்கியான்னு யாரும் கேட்டதில்லை. நான் திருப்பூருக்கே வந்துடலாம்னு இருக்கேன். விண்ணப்பம் எங்கே கிடைக்கும்?"

நேர்காணல் ஒரு சனிக்கிழமை காலை புதுக் கூடத்தில் நடந்தது. சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. பிள்ளைகள் தரப்பில் முகிலாவும் ரூபாலியும். கோதை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஓட்டு கிடையாது.

"உங்களுக்கு என்னங் தெரியும்?" என்று முகிலா கேட்டாள்.

"தீர்ப்புச் சொல்லத் தெரியும்."

"அது வேண்டாமுங். சண்டைய நாங்களே பாத்துக்குவோம். சமைக்கத் தெரியுமா?"

"ரசம் மட்டும் வைப்பேன். அதுவும் சுமாரா இருக்கும்."

"மண்டை ஒடஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"நேத்துதான் முதலுதவி வகுப்புல சேர்ந்தேன். அடுத்த மாசத்துக்குள்ள கத்துக்குவேன்."

"கூப்புடாம வருவீங்களா?"

நீதியரசர் யோசித்தார். "வரணும்னு தோணும். கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

இரண்டு பேரும் திரும்பி உட்கார்ந்து காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். ரூபாலி ஏதோ பிடிவாதம் பிடித்தாள். முகிலா ஒத்துக்கொண்டாள்.

"சேத்துக்கறமுங்," என்றாள் முகிலா. "முறைப் பட்டியல்லயும் உங்க பேர எழுதோணும்னு ரூபாலி சொல்றா. இருவத்திநாலாவது ஆளு. உங்க நாளு வர்ற வரைக்கும் நாங்க உங்களைப் பாத்துக்கறமுங்."

மங்கையர்க்கரசி பட்டியலை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாட்களை எண்ணினார். பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டார். பிறகு, தேர்வுக்குப் போகிற பிள்ளை மாதிரி, ரூபாலியின் பக்கம் குனிந்து தணிந்த குரலில் கேட்டார்.

"அன்னைக்கு எனக்குப் பயமா இருக்குமா?"

"இருக்குமுங்," என்றாள் ரூபாலி. அவர் முழங்கையில் தட்டிக்கொடுத்தாள். "ஒரு நாளுதான்."